ஜெஸ்ஸி ஜேம்ஸ் பாட்டும் நார்த்ஃபீல்டு வங்கியும்

அமெரிக்கக் கொள்ளையர் கதைப்பாடல்களில் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது ஜெஸ்ஸி ஜேம்ஸ் என்ற கொள்ளையனைப் பற்றிய பாட்டு. அமெரிக்கப் பாடகர் ப்ரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 2006இல் பழைய நாட்டுப்பாடல்களைப் பாடி வெளியிட்ட ஆல்பத்தில் அதைக் கேட்டேன். பான்ஜோவும் ஃபிடிலும் துள்ளும், ஒரு கூட்டமே சேர்ந்து பாடும். தாளம் போடாமல் கேட்க முடியாது.

திரும்பத் திரும்பக் கேட்டதில், பாட்டின் கோபமெல்லாம் ஒரே ஆள் மேல் என்பது புரிந்தது. அவன் ராபர்ட் ஃபோர்டு. ஜெஸ்ஸி மிசூரி மாநிலத்தின் செயின்ட் ஜோசப் ஊரில், ஹோவர்டு என்ற பொய்ப்பெயரில் குடும்பத்தோடு இருந்தான். 1882 ஏப்ரல் 3 அன்று சுவரில் மாட்டியிருந்த படத்தைச் சரிசெய்ய நாற்காலியில் ஏறினான். கூட்டாளியாக அதே வீட்டில் தங்கியிருந்த ஃபோர்டு, பின்னாலிருந்து சுட்டான். ஜெஸ்ஸியின் ரொட்டியைத் தின்று, ஜெஸ்ஸியின் படுக்கையில் தூங்கி, ஜெஸ்ஸியையே குழிக்கு அனுப்பினானே என்று பாட்டு கொதிக்கிறது. உண்ட வீட்டுக்கு ரெண்டகம் செய்தவனை எந்த ஊரும் மன்னிக்காது. 1940இல் வூடி கத்ரி என்ற அமெரிக்க நாட்டுப்பாடகர் இயேசுவைப் பற்றி ஒரு பாட்டு எழுதினார். இந்தப் பாட்டின் மெட்டையே எடுத்துக்கொண்டு, ஃபோர்டு இருந்த இடத்தில், இயேசுவைக் காட்டிக்கொடுத்த சீடன் யூதாசை வைத்தார். அவர் அளவுக்கு இதைப் புரிந்துகொண்டவர் வேறு யாருமில்லை என்பேன்.

பணக்காரனிடம் பறித்து ஏழைக்குக் கொடுத்தான் என்ற வரிக்குத்தான் ஆதாரமே கிடையாது. அந்தப் பெயரை வாங்கித் தந்ததில் ஜான் நியூமன் எட்வர்ட்ஸ் என்ற பத்திரிகை ஆசிரியருக்குப் பெரிய பங்கு உண்டு. அமெரிக்க உள்நாட்டுப் போரில் தோற்ற தென் மாநிலங்களின் தரப்பைச் சேர்ந்தவர் அவர். அதே தரப்பில் கெரில்லாவாகத் திரிந்த ஜெஸ்ஸியை வீரனாகவே எழுதினார்.

அப்புறம் மினசோட்டாவின் நார்த்ஃபீல்டுக்குப் போனேன். 1876 செப்டம்பர் 7 அன்று ஜெஸ்ஸியின் கும்பல் புகுந்த வங்கி இப்போது அருங்காட்சியகம். பெட்டகத்தைத் திறக்க மறுத்த ஜோசப் லீ ஹேவுட் என்ற ஊழியரை அங்கேதான் சுட்டுக் கொன்றார்கள். ஊர்க்காரர்களும் சும்மா இருக்கவில்லை, துப்பாக்கி எடுத்தார்கள். கும்பலில் இரண்டு பேர் தெருவிலேயே செத்தார்கள். கும்பலை விரட்டியதை அந்த ஊர் இன்றும் செப்டம்பரில் விழாவாகக் கொண்டாடுகிறது.

அங்கே போய் வந்த பிறகு, ஏழைக்குக் கொடுத்தான் என்ற வரியை மட்டும் என்னால் சேர்ந்து பாட முடிவதில்லை. மெட்டு இன்னும் பிடிக்கத்தான் செய்கிறது. ஜெஸ்ஸியின் மனைவி அழுவதற்குப் பாட்டில் இடம் இருக்கிறது. ஹேவுட்டுக்கும் மனைவி இருந்தார், சின்ன மகள் இருந்தாள். ஹேவுட் பக்கம் நின்று பாடும் கதைப்பாடல் யாராவது கேட்டிருந்தால் இங்கே சொல்லுங்கள், தேடிக் கேட்க வேண்டும்.