அதே விஸ்கி, வேறு பாட்டில்: ஹிபிகி லிமிடெட் எடிஷனுக்கு ஏன் இவ்வளவு அடிதடி?

புதுக்கோப்பை:
ஜப்பான் விஸ்கி பக்கம் இப்போதுதான் எட்டிப் பார்க்கிறேன், கேள்வி சின்னப்பிள்ளைத்தனமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஜப்பான் கம்பெனி சன்டோரியின் ஹிபிகி 21-இல் 'கச்சோ ஃபூகெட்சு' (பூ, பறவை, காற்று, நிலா) என்று பூவும் பறவையும் போட்ட பாட்டில் ஒன்று ஏலப் பட்டியல்களில் வருகிறது. சாதாரண 21-ஐவிட விலை எகிறி நிற்கிறது, ஆனால் உள்ளே இருப்பது அதே விஸ்கிதானாம். அப்புறம் எதற்குக் கூடுதல் காசு? ஒரே டிஸ்டிலரியில் முளைகட்டிய பார்லியிலிருந்து காய்ச்சிய சிங்கிள் மால்ட் என்றால்கூடப் புரியும், இது பல விஸ்கிகளைக் கலந்த பிளெண்டட். கலந்து செய்ததை எப்போது வேண்டுமானாலும் மறுபடி கலந்துகொள்ளலாமே, இதில் அரிது என்று சொல்ல என்ன இருக்கிறது? சேர்த்து வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள், வாங்கலாமா?

பீப்பாய்வாசி:
பிளெண்டட் என்றால் மட்டம் என்ற நினைப்பை முதலில் விடுங்கள். 21 என்று போட்டிருந்தால் அதில் சேர்ந்த எல்லா விஸ்கியும், மால்ட் ஆனாலும் மற்ற தானியத்தில் காய்ச்சிய கிரெயின் ஆனாலும், குறைந்தது 21 வருடம் பீப்பாயில் கிடந்திருக்க வேண்டும். ஸ்காட்லாந்தில் ஒரு கம்பெனிக்குச் சரக்கு குறைந்தால் பக்கத்து டிஸ்டிலரியோடு பண்டமாற்று செய்துகொள்ளும். ஜப்பானில் பெரிய போட்டிக் கம்பெனிகளுக்குள் அந்தப் பழக்கம் வழக்கத்தில் இல்லை, ஹிபிகி என்றால் யமசாகி, ஹகுஷு டிஸ்டிலரிகளின் மால்ட்டும் சிட்டா டிஸ்டிலரியின் கிரெயினும்தான், எல்லாம் சன்டோரியின் சொந்தச் சரக்கு. இருப்பு தீர்ந்தால் தீர்ந்ததுதான்.

அந்த இருப்பு ஏன் குறைவு என்பதில்தான் பெரிய கதை இருக்கிறது. 1980-களின் தொடக்கத்தில் ஜப்பானில் விஸ்கி விற்பனை உச்சத்துக்குப் போனது, அதற்குப் பிறகு ஏறத்தாழ கால் நூற்றாண்டு சரிந்துகொண்டே வந்தது, விற்காத சரக்கை யார் காய்ச்சி அடுக்கி வைப்பார்கள், உற்பத்தியைக் குறைத்துவிட்டார்கள். அப்புறம் 2008 வாக்கில் ஹைபால் (விஸ்கியில் சோடா கலந்தது) மோகம், கூடவே வெளிநாட்டு விருதுகள், 2014-இல் நிக்கா விஸ்கி நிறுவனர் டகெட்சுரு கதையை ஒட்டி ஜப்பான் தொலைக்காட்சி என்ஹெச்கே போட்ட 'மஸ்ஸான்' தொடர் எல்லாம் சேர்ந்து மொத்தக் கூட்டமும் ஒரே நேரத்தில் கதவைத் தட்டியது. அன்று காய்ச்சாததை இன்று எப்படி வயதாக்குவது? 2015-இல் ஹிபிகி 12 போனது, 2018-இல் 17-ஐ நிறுத்துவதாக அறிவித்தார்கள். நீங்கள் சொல்கிற 'மறுபடி கலப்பது' எல்லாம் பீப்பாய் இருந்தால்தானே!

இருபத்துநாலுமுகம்:
மேலே சொன்னது சரி, ஆனால் கேட்ட கேள்விக்கு அது பாதி பதில்தான். லிமிடெட் என்று வருவதில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று, பாட்டில் மட்டும் புதிது. கச்சோ ஃபூகெட்சு, ஃபூஜி மலை போட்ட 21 எல்லாம் இந்த வகை. இன்னொன்று, விஸ்கியே வேறு. 2021-இல் வந்த ஹிபிகி பிளாசம் ஹார்மனியில் சகுரா (செர்ரி) மரப் பீப்பாயில் முடித்த விஸ்கி இருந்தது. 2023-இல் யமசாகியின் நூற்றாண்டுக்கு வந்த ஹிபிகி 21 வருட மிஸுனாரா பதிப்பும் அப்படித்தான். மிஸுனாரா ஜப்பானிய ஓக், போர்க்காலத்தில் வெளியிலிருந்து பீப்பாய் வராமல் போனதால் எடுத்துப் பயன்படுத்தினார்கள், கசியும், வளைக்கவும் கஷ்டம், ஆனால் பல வருடம் பொறுத்தால் சந்தனமும் ஊதுபத்தியும் கலந்த மாதிரி ஒரு வாசனை கொடுக்கும். குடிக்கும் ஆசை இருந்தால் இரண்டாம் வகைக்குப் போங்கள்.

நான் முதல் வகைக்காரன், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. 1989-இல் ஹிபிகி வந்ததிலிருந்தே அந்தப் பாட்டிலும் சேர்த்துத்தான் விற்பனை: 24 பட்டைகள், ஜப்பானியப் பழைய நாட்காட்டியின் 24 பருவங்களுக்காக, மேலே வாஷி காகித லேபிள். தபால்தலை சேர்ப்பவனிடம் போய் இதை ஒட்டிக் கடிதம் அனுப்பலாமா என்று கேட்பீர்களா?

ஊற்றிக்குடி:
தபால்தலைக்குள்ளே 43 சதவீதம் ஆல்கஹால் இல்லையே நண்பரே. திறக்காத பாட்டில் அலமாரியில் இருந்து யாருக்கு என்ன லாபம் என்று எனக்கு இன்னும் புரியவில்லை. 'விலை ஏறும்' என்பதை நம்பி வாங்குகிறவர்களைப் பார்த்தால்தான் பாவமாக இருக்கிறது. 2024 ஏப்ரலில் சன்டோரியே ஹிபிகி 30-இன் பட்டியல் விலையை 1,60,000 யென்னிலிருந்து 3,60,000 யென்னாக உயர்த்தியது, அதாவது பட்டியல் விலைக்கும் வெளிச்சந்தை விலைக்கும் நடுவில் இடைத்தரகன் தின்றுகொண்டிருந்த வித்தியாசத்தில் ஒரு பங்கை இப்போது கம்பெனியே எடுத்துக்கொள்கிறது. வாங்கி விற்பவனுக்கு முன்பிருந்த இடைவெளி இனியும் கிடைக்குமா? புதியவருக்கு என் யோசனை: ஜப்பானிலேயே ஒரு நல்ல பாரில் சாதாரண 21-ஐ ஒரு பெக் வாங்கிக் குடித்துப் பாருங்கள். பிடித்தால் பிறகு பூ, பறவை, நிலா பற்றி யோசிக்கலாம்.

புதுக்கோப்பை:
அனைவருக்கும் நன்றி. அப்படியானால் கச்சோ ஃபூகெட்சு வேண்டாம், பிளாசம் ஹார்மனி தேடுகிறேன். போலிப் பயம் இருக்கிறதே, எதைப் பார்க்க வேண்டும்?

இருபத்துநாலுமுகம்:
பயம் நியாயம்தான். ஹிபிகியின் காலி பாட்டில், பெட்டி, மூடி எல்லாமே இணையத்தில் தனியாக விலைக்குப் போகிறது, எதற்கு என்று யோசித்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும். கழுத்து சீலைப் பல கோணத்தில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், மழுப்பினால் விலகிவிடுங்கள். திரவ மட்டத்தை அதே வெளியீட்டின் மற்ற பாட்டில்களோடு ஒப்பிடுங்கள். பெட்டி மட்டும் புதுசாக இருந்து லேபிள் ஓரம் தேய்ந்திருந்தாலும் சந்தேகப்படலாம். வாங்கிய பிறகு நிமிர்த்தியே வையுங்கள், ஒயின் மாதிரி படுக்க வைத்தால் ஆல்கஹால் கார்க்கை அரித்துவிடும். வெயில் படாத இடம் போதும், குளிர்ப்பெட்டி எல்லாம் தேவையில்லை.

ஊற்றிக்குடி:
வந்ததும் திறங்கள். எப்படி இருந்தது என்று இங்கேயே எழுதுங்கள்.