பூட்டுமுகத் தொலைவு: 'பிளேஞ்ச் டிஸ்டன்ஸ்' என்பதற்கு ஒரு சொல்

வணக்கம் தம்பி,

கேமராவில் லென்ஸ் அமரும் முகத்துக்கும் உணரிக்கும் (சென்சார்) உள்ள இடைவெளியான 'பிளேஞ்ச் டிஸ்டன்ஸ்' என்பதற்கு 'விளிம்புக் குவியத் தொலைவு' என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு உடன்பாடில்லை. குவியத் தொலைவு என்றாலே 50 மி.மீ., 85 மி.மீ. என்று லென்ஸின் அளவுதான் நினைவுக்கு வரும். இதுவோ கேமரா பாடியின் அளவு. எந்த லென்ஸை மாட்டினாலும் மாறாது. லென்ஸ் மாட்டும் வாய் வகைதோறும் இது வேறு: நிக்கான் எஃப் 46.5 மி.மீ., கேனான் இஎஃப் 44, சோனி இ 18, நிக்கான் இசட் 16. 'விளிம்பு'ம் பொருந்தவில்லை. அளப்பது ஓரத்திலிருந்து அல்ல. லென்ஸ் வந்து அமரும் உலோக முகத்திலிருந்து உணரி வரை. நம் கோவை லேத் பட்டறைகளில் பம்ப் பிளேஞ்சுக்கு 'பேசிங்' அடிப்பது (சமமாகக் கடைவது) அந்த முகத்தில்தான். ஆகவே 'பூட்டுமுகத் தொலைவு' என்கிறேன்.

இந்தச் சொல் குழம்பினால் முதலில் அடிபடுவது இரவில் படமெடுப்பவர். இந்தத் தொலைவு அதிகமுள்ள பாடிக்கென்று செய்த பழைய லென்ஸை, தொலைவு குறைவான பாடியில் மாட்டலாம். மீதியை, இடையில் மாட்டும் வளையமான அடாப்டர் நிரப்பும். எஃப் லென்ஸை இசட் பாடிக்குக் கொண்டுபோக 30.5 மி.மீ. தடிமன் வேண்டும். எம்42 என்ற பழைய திருகு வகை லென்ஸுக்கு (45.46) சோனி இ பாடியில் 27.46. தலைகீழாக நடக்காது. இஎஃப் 50 மி.மீ. லென்ஸை நிக்கான் எஃப் பாடியில் வைத்தால் 2.5 மி.மீ. தள்ளி நிற்கும், சுமார் ஒரு மீட்டருக்கு அப்பால் எதுவும் குவியாது. வள்ளி கும்மியில் முன்வரிசை முகம்கூடச் சிக்காது. உள்ளே சிறு லென்ஸ் வைத்த அடாப்டர் தூரத்தை மீட்டுத் தரும். ஆனால் வெளிச்சத்திலும் கூர்மையிலும் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும். இரவில் அந்த வெளிச்சத்துக்காகத்தானே லென்ஸே வாங்குகிறோம்!

தடிமன் 0.1 மி.மீ. கூடினாலே 50 மி.மீ. லென்ஸ் 25 மீட்டரோடு நின்றுவிடும், 24 மி.மீ. லென்ஸ் ஆறு மீட்டரைக்கூடத் தொடாது. அதனால்தான் பல அடாப்டர்களை வேண்டுமென்றே ஒரு மயிரிழை மெலிதாகக் கடைகிறார்கள். மெலிந்தால் தூர அளவுகோல் பொய் சொல்லும், அவ்வளவுதான். குவிய வளையத்தைத் திருப்பிச் சரிசெய்துகொள்ளலாம். ஆனால் அடாப்டரின் இரு முகங்களும் இணையாக இல்லாமல் லென்ஸ் சாய்ந்து நின்றால், அந்தச் சாய்வை அப்படிச் சரிசெய்ய முடியாது. ஃபுல் ஃபிரேம் அளவு உணரியில், லென்ஸ் துளையை எஃப் 8-க்குச் சுருக்கினால் உணரித் தளத்தில் முன்னும் பின்னும் 0.24 மி.மீ. அளவுக்குக் குவியத் தளர்வு உண்டு, சாய்வு மறைந்துபோகும். துளையை எஃப் 1.8 வரை அகலத் திறந்தால் அது 0.05 மட்டுமே. பகலில் பழுதில்லாமல் தெரிந்த அடாப்டர், தேர்த்திருவிழா சீரியல் விளக்கில் இடப்பக்கம் கூர்மையாகவும் வலப்பக்கம் மங்கலாகவும் காட்டும்.

—

அண்ணா, 'முகம்' சரிங்க. 'பூட்டு'தான் யோசனையா இருக்குதுங்க. திண்டுக்கல் பூட்டுன்னு நினைச்சுக்குவாங்களே? அப்புறம், கடையில வாங்கறப்ப சாய்வை எப்படிப் பார்க்கறதுங்க?

—

தம்பி, ஏர் பூட்டுகிறோம், வண்டி பூட்டுகிறோம். இரண்டை இணைத்து நிறுத்துவதும் பூட்டுதான். நம் பக்கத்தில் இந்தப் பொருள் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. பொருள் விளக்கத்தில் 'முகம் முதல் உணரித் தளம் வரை' என்று சேர்த்துவிட்டால் குழப்பம் வராது. பாடியின் மேல்புறம் வட்டத்தின் குறுக்கே கோடு போட்ட குறி இருந்தால், உணரித் தளம் அந்தக் கோட்டுக்கு நேர் கீழே.

சோதிக்க, முடிவிலியில் (மிகத் தொலைவுக் குறியில்) கெட்டியாக நிற்கும் பழைய மேனுவல் லென்ஸ் வேண்டும். ஆட்டோஃபோகஸ் லென்ஸ்கள் பல முடிவிலியைத் தாண்டியும் சுற்றும். ஸ்டாண்டில் வைத்து, துளையை முழுதாகத் திறந்து, மருதமலை மேல் எரியும் ஒரு விளக்கை லைவ் வியூவில் (கேமராத் திரையில்) பத்து மடங்கு பெரிதாக்கிப் பாருங்கள். புள்ளி மிகச் சிறிதாகும் முன்பே வளையம் முட்டி நின்றால் அடாப்டர் தடிமன். பிறகு நடுவில் குவித்த குவியத்தை மாற்றாமல், அதே விளக்கைச் சட்டத்தின் இடக்கோடியிலும் வலக்கோடியிலும் வைத்து எடுங்கள். இரண்டும் ஒரே அளவு மங்கினால் அது லென்ஸின் இயல்பு. ஒன்று மட்டும் மங்கினால் அதே லென்ஸை வேறு அடாப்டரில் மாட்டிப் பாருங்கள். அப்போதும் அதே பக்கம் மங்கினால் கோளாறு லென்ஸிலோ பாடியிலோ. சரியாகிவிட்டால் அடாப்டரைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

'அடாப்டர்' அப்படியே இருக்கட்டும். அது எல்லோர் வாயிலும் பழகிவிட்டது.