புதுப்பிப்பு: புரோபில் திரவம் குறைந்தது ஏன் என்று தெரிந்துவிட்டது

போன வாரம் கேட்டிருந்தேனே: எலி மூளையில் வைத்த மைக்ரோடயாலிசிஸ் புரோபில் (நுனியில் நுண்துளைச் சவ்வு உள்ள மெல்லிய ஊசி; உள்ளே ஓடும் திரவம் மூளையின் வேதிப்பொருட்களை அள்ளி வெளியே கொண்டுவரும்) நிமிடத்துக்கு 2 மைக்ரோலிட்டர் திரவம் ஓட்டியும், 30 நிமிடத்தில் 60 சேர வேண்டியது 40தான் சேர்கிறது, டோபமைன் (மூளையில் செய்தி கடத்தும் வேதிப்பொருள்) அளவும் தாறுமாறாக வருகிறது என்று. சவ்வு கிழிந்திருக்கும் என்றே பலரும் சொன்னீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

இங்கே பினாங்கு ஆய்வகத்தில் மூத்த அக்கா ஒருவர், "தம்பி, முதல்ல வெளியே வர்ற குழாயைப் பாரு" என்றார். உருப்பெருக்கியில் வைத்தால், குழாயின் நுனி மென்று துப்பிய முருங்கைச் சக்கை மாதிரி நசுங்கிக் கிடக்கிறது! கத்தரிக்கோலால் வெட்டியது நான்தான். வழி அடைபட்டதால் அழுத்தம் ஏறி, திரவம் சவ்வு வழியாக மூளைத் திசுவுக்குள்ளேயே கசிந்திருக்கிறது. புது பிளேடால் நேராக வெட்டினேன், 59 வந்தது.

இன்னொன்று, புரோபில் ஓட்டுவதற்காகக் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த கரைசலை உடனே சிரிஞ்சில் ஏற்றாதீர்கள். சூடேறும்போது குமிழி கிளம்பி சவ்வில் ஒட்டிக்கொள்ளும். அறை வெப்பத்துக்கு வந்தபின் வாயு நீக்கி, வடிகட்டி ஏற்றுகிறேன். நனைத்த சவ்வை ஒருபோதும் காயவிடுவதில்லை.

நசுங்கிய குழாயோடு சோதித்த இரண்டு எலிகளின் தரவையும் ஒதுக்கிவிட்டேன். அதுதான் மனசை அறுக்கிறது. இனி குழாயைச் சோதிக்காமல் ஓர் உயிரையும் தொடமாட்டேன்.