செம்பருத்தியில் வெள்ளையாக ஊர்வது எல்லாம் மாவுப்பூச்சிதானா?

முசிறிப்பெண் (திருவானைக்காவல்) – மார்ச் 9

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் மாடியில் 11 வருடமாக நிற்கும் ஒற்றைச் செம்பருத்தியைப் பற்றிக் கேட்க வந்திருக்கிறேன். முசிறியில் அம்மா வீட்டுக் கிணற்றடியில் நின்ற செடியிலிருந்து ஒரு குச்சியை ஒடித்து, ஈரத்துணியில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்து நட்டேன். இப்போது அந்தக் கிணறும் இல்லை, தாய்ச்செடியும் இல்லை. 20 லிட்டர் பெயிண்ட் வாளியில் ஆரம்பித்து, இன்று பெரிய சிமெண்ட் தொட்டியில் என் தலைக்கு மேல் வளர்ந்து நிற்கிறது. தினமும் பத்துப் பன்னிரண்டு பூ. நாலு சாமிக்கு, மிச்சம் அம்மா காய்ச்சுகிற எண்ணெய்க்கு. காலையில் ஒரு ஜோடி தேன்சிட்டு தவறாமல் வரும்.

மாசிக் கடைசியில் வெயில் ஏறியதிலிருந்து குருத்தெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பஞ்சு ஒட்டினாற்போல் ஆகிவிட்டது. இலை சுருண்டு முடிச்சுப் போட்டதுபோல் நிற்கிறது, மொட்டு காம்போடு உதிர்கிறது. கீழ் இலைகளில் பிசுபிசுப்பு, அதன் மேல் கரி பூசியதுபோல் கறுப்பு. மாவுப்பூச்சி என்பது தெரிகிறது. பக்கத்து வீட்டுப் பப்பாளியிலும் காய் மேலெல்லாம் இதேதான்.

உரக்கடையில் போய்ச் சொன்னேன். ஒரு மருந்தைக் கொடுத்து, "வேரில் ஊற்றுங்கள், செடி முழுக்க ஏறும், ஒன்று மிஞ்சாது" என்றார்கள். வாங்கி வந்துவிட்டேன், ஆனால் இன்னும் பிரிக்கவில்லை. செடி முழுக்க ஏறும் என்றால் பூவிலும் ஏறும்தானே? அந்தப் பூவைத்தான் அம்மா எண்ணெயில் போடுகிறாள், அந்தத் தேனைத்தான் சிட்டு குடிக்கிறது.

அதனால் தினமும் சாயங்காலம் பல்குச்சியால் ஒவ்வொன்றாக எடுத்து நசுக்குகிறேன். அதில்தான் ஒரு சந்தேகம். சின்னச் சின்னதாகக் கூட்டமாக ஒட்டிக்கொண்டிருப்பதற்கு நடுவே, ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்குப் பெரிதாகச் சில இருக்கின்றன. உடம்பு முழுக்க நூல் நூலாக வெள்ளைச் சடை. தொட்டால் விறுவிறுவென்று ஓடுகின்றன. இதுதான் தாய்ப்பூச்சி என்று நினைத்து, நேற்று வரை 14 நசுக்கியிருக்கிறேன். செய்வது சரிதானா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மாடி மல்லிகா (மதுரை) – மார்ச் 9

அந்த மருந்தைப் பிரிக்காதீங்க அக்கா, கடையில் திரும்ப எடுத்துக்கொள்வார்களா என்று கேட்டுப் பாருங்க. நான் செய்வது இதுதான்: ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், எண்ணெய் கலப்பதற்குக் கொஞ்சம் சோப்புக் கரைசல். வெயில் தாழ்ந்தபின் இலையின் அடிப்பக்கம் நனைகிற மாதிரி அடிக்கணும். வாரம் ஒரு தடவை, மூணு வாரம். அதுக்கு முதல் நாள் ஹோஸ் பைப்பில் வேகமாகத் தண்ணீர் பீய்ச்சி உதிர்த்துடுங்க. உச்சி வெயிலில் மட்டும் அடிக்காதீங்க, இலை கருகிடும்.

பெரிதாக இருப்பது பற்றி எனக்குத் தெரியாது.

பட்டுக்கூடு (கோபிசெட்டிபாளையம்) – மார்ச் 10

அம்மணி, அந்தப் பெரிய சடைக்காரனை இனிமேல் தொடாதீங்க. அது தாய்ப்பூச்சி இல்லை. பொறிவண்டின் புழு. கிரிப்டோலேமஸ் என்று பெயர், எங்கள் பக்கம் ஆஸ்திரேலியப் பொறிவண்டு என்போம். மாவுப்பூச்சியைத் தின்பதற்கே பிறந்தது. மாவுப்பூச்சி மாதிரியே மேலே மெழுகு போர்த்திக்கொண்டு அந்தக் கூட்டத்துக்குள்ளேயே குடியிருந்து, முட்டைப் பையைக் கிழித்துக் கிழித்துத் தின்னும். பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். தெரியாமல் செய்ததற்கு வருத்தப்படாதீங்க, நானும் இதே தப்பைச் செய்தவன்தான்.

அடையாளம் சொல்கிறேன். மாவுப்பூச்சி நெல்மணியில் பாதிகூட இருக்காது, இடத்தைவிட்டு அவ்வளவாக நகராது. இந்தப் புழு பெரிது, சடை நீளம், தொட்டால் ஓடும். திருப்பிப் பார்த்தால் முன்பக்கம் ஆறு கால் தெளிவாகத் தெரியும். வளர்ந்து வண்டானால் மிளகளவுதான், உடம்பு கறுப்பு, தலை ஆரஞ்சு.

நான் இதை இவ்வளவு சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எனக்கு இரண்டு ஏக்கர் மல்பெரி, பட்டுப்புழு வளர்ப்பு. இந்தப் பப்பாளி மாவுப்பூச்சி நம் ஊர்ப் பூச்சியே அல்ல, மெக்சிகோ பக்கத்திலிருந்து வந்தது. 2008இல் கோயம்புத்தூரில் முதலில் கண்டுபிடித்தார்கள். அடுத்த வருடமே எங்கள் தோட்டத்தில். பப்பாளி, குச்சிக்கிழங்கு (மரவள்ளி), மல்பெரி, கத்தரி, செம்பருத்தி, வேலியோரத் துத்தி, பார்த்தீனியம் என்று எதையும் விடவில்லை. குச்சிக்கிழங்குக்காரர் கடும் மருந்து அடித்துப் பார்த்தார். மெழுகுப் போர்வைக்கு மேல் மருந்து உருண்டு ஓடியது. ஈரோட்டிலும் சேலத்திலும் ஏக்கர் ஏக்கராகப் போயிற்று. மல்பெரிக்காரனுக்கு மருந்துக்கும் வழியில்லை. தழையில் மருந்து இருந்தால் தின்கிற பட்டுப்புழு ஒரே நாளில் சுருண்டுவிடும். தழை இல்லாமல் மூன்றாம் தூக்கத்திலிருந்து, அதாவது மூன்றாவது தோலுரிப்பிலிருந்து, எழுந்த புழுவை, உயிரோடு, தட்டுத் தட்டாகக் குழியில் கொட்டி மூடினேன். புழு தழை தின்கிற சத்தம் தெரியுமா, ஓட்டுக்கூரையில் தூறல் விழுகிற மாதிரி இருக்கும். அன்று ராத்திரி புழு வளர்க்கிற மனையில் அந்தச் சத்தம் இல்லை. நானும் என் வீட்டுக்காரியும் படுக்கவே இல்லை.

அப்புறம் 2010இல் பெங்களூரில் இருக்கிற மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையத்தார் புவெர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகைக் குட்டிக் குளவிகளைக் கொண்டுவந்தார்கள். அசிரோஃபேகஸ் பப்பாயே என்பது அதில் முக்கியமானது. குளவி என்றதும் கொட்டுகிற குளவியை நினைக்காதீங்க, கண்ணுக்கே சரியாகத் தெரியாத புள்ளி. கோவை வேளாண் பல்கலைக்கழகத்திலும் அதைப் பெருக்கி ஊர் ஊராக விட்டார்கள். எங்கள் ஊருக்கு ஒரு குப்பியில் கொண்டுவந்தார்கள். மூடியைத் திறந்து செடி மேல் சாய்த்தார்கள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை, "இவ்வளவுதானா?" என்று கேட்டேன். இரண்டு மாதம் கழித்துக் குருத்தைப் பிரித்துப் பார்த்தபோது, வெள்ளைக்கு நடுவே கசகசா அளவுக்குப் பழுப்பாக உப்பிய கூடுகள், ஒவ்வொன்றிலும் ஊசியால் குத்தினாற்போல் ஒரு ஓட்டை. குளவி மாவுப்பூச்சிக்குள் முட்டை வைத்து, குஞ்சு உள்ளேயே தின்று வளர்ந்து, ஓட்டை போட்டு வெளியே போன கூடு அது. அடுத்த சித்திரைக்குள் தோட்டம் பச்சைக்குத் திரும்பிவிட்டது. நான் ஒரு சொட்டு மருந்து அடிக்கவில்லை.

அந்தக் குளவி இப்போது நம் ஊரிலேயே தங்கிவிட்டது. உங்கள் மாடிக்கும் வந்திருக்கலாம். ஆனால் வந்தாலும் வேலை செய்யவிடாமல் தடுப்பது எறும்பு. மாவுப்பூச்சி விடுகிற இனிப்புத் தண்ணீருக்காக எறும்பு அதை மாடு மேய்க்கிற மாதிரி மேய்க்கும். பொறிவண்டையும் குளவியையும் துரத்தும். நீங்கள் சொன்ன பிசுபிசுப்பும் அந்த இனிப்புத் தண்ணீர்தான், அதன் மேல் வளர்ந்ததுதான் கறுப்புப் பூசணம். ஆகையால் முதல் வேலை எறும்பு. தண்டில் நாலு விரல் அகலத்துக்குப் பழைய துணியை இறுகச் சுற்றி, அந்தத் துணி மேல் கிரீஸ் தடவுங்க. பட்டை மேல் நேராகத் தடவக்கூடாது. அப்புறம் செடியின் கிளை எதுவும் சுவரையோ கம்பியையோ தொடாமல் பாருங்க. ஒரே ஒரு இலை தொட்டாலும் அதுதான் எறும்புக்குப் பாலம்.

ஒரு பூச்சியை வெள்ளைத்தாளில் வைத்து நசுக்கிப் பாருங்க. மஞ்சளாகக் கசிந்தால் பப்பாளி மாவுப்பூச்சி, அதற்கு அந்தக் குளவி வேலை செய்யும். இளஞ்சிவப்பாகக் கசிந்தால் அது செம்பருத்தியில் வரும் வேறு மாவுப்பூச்சி, அதற்குப் பொறிவண்டைத்தான் நம்ப வேண்டும். மல்லிகா சொன்ன வேப்பெண்ணெயும் சோப்பும் நல்ல வைத்தியம்தான், தப்பில்லை. ஆனால் பொறிவண்டுப் புழு இருக்கிற கிளையில் இப்போது அடிக்காதீங்க, சோப்புக்கு ஆள் பேதம் தெரியாது.

முசிறிப்பெண் – மார்ச் 10

ஐயா, படித்துவிட்டு உடனே மாடிக்கு ஓடினேன். 14 பொறிவண்டை என் கையாலேயே கொன்றிருக்கிறேன் என்பது மனதைப் பிசைகிறது. டார்ச் அடித்துத் தேடியதில் இன்னும் ஆறு இருக்கின்றன. ஒன்று என் கண்ணெதிரே முட்டைப் பஞ்சுக்குள் தலையை நுழைத்துத் தின்றுகொண்டிருந்தது. கன்றுக்குட்டி மடி முட்டுவது போல் முட்டி முட்டித் தின்றது.

தாளில் நசுக்கினேன். மஞ்சள்.

எறும்பும் நீங்கள் சொன்னதுபோலத்தான். தண்டில் ஏறுவதைத்தான் இத்தனை நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். துணி காயப்போடும் கொடிக்கயிறு வழியாகவும் ஒரு வரிசை வருகிறது, ஒரு கிளை அதன் மேல் சாய்ந்திருக்கிறது. நாளைக் காலையில் கயிற்றை மாற்றிக் கட்டிவிடுகிறேன்.

நாலாவது மாடி (சென்னை) – மார்ச் 12

பயனுள்ள திரி. எனக்கு இருப்பது பால்கனியில் இரண்டு செம்பருத்தி மட்டும். பொறிவண்டு விலைக்குக் கிடைக்குமா? வாங்கி விட்டால் பறந்து போய்விடாதா?

பட்டுக்கூடு – மார்ச் 12

கிடைக்கும் தம்பி. உயிரியல் கட்டுப்பாட்டு ஆய்வுக்கூடங்களில் வளர்த்து விற்கிறார்கள். இரண்டு செடிக்கு அது தேவையா என்று யோசித்துக்கொள்ளுங்கள். தின்ன நிறைய இருந்தால்தான் வண்டு தங்கும், தீர்ந்தால் பறந்துவிடும், அதைத் தப்பென்று சொல்ல முடியாது. இரண்டு செடியை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். முடிச்சு விழுந்த குருத்துகளைக் கத்தரித்துவிடுங்கள், ஆனால் வெட்டியதைக் குப்பையில் போடுமுன் ஒருமுறை உற்றுப் பாருங்கள். பழுப்புக் கூடோ சடைப்புழுவோ இருந்தால் அந்தக் குச்சியைத் தொட்டியோரம் சாய்த்து வையுங்கள், உள்ளே இருப்பது வெளியே வரட்டும். அதெல்லாம் இல்லாததை மட்டும் கவரில் கட்டிப் போடுங்கள். கறுப்பு படிந்த இலையை ஈரத்துணியால் துடைத்துவிட்டால் போதும், வெயில் பட்டுத் தெளிந்துவிடும். இன்னொன்று, தழைச்சத்து உரத்தை அள்ளிப் போடாதீர்கள். கொழுத்த இளங்குருத்து மாவுப்பூச்சிக்கு விருந்து.

முசிறிப்பெண் – ஏப்ரல் 6

நான்கு வாரம் ஆகிறது, வந்து சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன்.

கிரீஸ் துணி கட்டிய மூன்றாம் நாளே எறும்பு நின்றுவிட்டது. முடிச்சு விழுந்த ஏழு குருத்தை மட்டும் வெட்டினேன், பொறிவண்டு இருந்த பக்கத்தை அப்படியே விட்டேன். உரக்கடையில் மருந்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. பிரிக்காமலே, பெயர் எழுதி, கைக்கெட்டாத உயரத்தில் வைத்திருக்கிறேன்.

இப்போது ஐயாவுக்கு ஒரு செய்தி. போன வெள்ளிக்கிழமை அம்மா பூப்பறிக்கும்போது கூப்பிட்டாள், "இங்கே பாருடி, இலையில் அனுமார் உட்கார்ந்திருக்கார்" என்று. கடலைப்பருப்பில் பாதிதான் இருக்கும், பழுப்பாக, இலையின் மேல்பக்கம் ஒட்டிக்கொண்டு. அம்மா பேப்பர் படிக்கும் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். நிஜமாகவே குரங்கின் முகம். இரண்டு கண், அமுங்கிய மூக்கு, உப்பிய தாடை. கண்ணாடியைத் தள்ளினால் எச்சம் மாதிரி ஒரு பொட்டு, கிட்டே கொண்டுபோனால் முகம். அம்மா அன்றைக்கு அந்தக் கிளையில் பூப்பறிக்கவே இல்லை.

வண்ணத்துப்பூச்சி பார்ப்பவர்கள் குழுவில் படத்தைப் போட்டுக் கேட்டேன். ஏப்ஃப்ளை என்கிற சிறு வண்ணத்துப்பூச்சியின் கூட்டுப்புழுவாம். இதன் புழு இலை தின்பதில்லை, மாவுப்பூச்சியைத் தின்று வளர்கிறதாம். மாவுப்பூச்சியின் மெழுகையே முதுகில் பூசிக்கொண்டு இருக்குமாம், எறும்புகூட அதை ஒன்றும் செய்யாதாம். அப்படியென்றால் அதுவும் இத்தனை நாள் அந்த வெள்ளைக்குள்ளேயேதான் இருந்திருக்கிறது. என் பல்குச்சிக்கு எப்படித் தப்பியது என்று தெரியவில்லை.

இன்று காலை ஆறரைக்குப் போனேன், கூடு திறந்திருந்தது. பக்கத்து இலையில் என் கட்டைவிரல் நக அளவுக்கு ஒரு சாம்பல் நிறப் பூச்சி, இறக்கையை மூடிக்கொண்டு. வெளிப்பக்கம் மெல்லிய அலை அலையான கோடுகள், பழைய வெள்ளிக் குத்துவிளக்கைத் துடைத்தால் தெரிகிற கீறல்கள் மாதிரி. ஒருமுறை திறந்தபோது பழுப்பு இறக்கையில் ஒரு வெள்ளைப் பொட்டு தெரிந்தது. வெயில் ஏறும்வரை அங்கேயே இருந்துவிட்டு, கைப்பிடிச் சுவரைத் தாண்டிப் பக்கத்து வீட்டுப் பப்பாளிப் பக்கம் போயிற்று.

செடியில் வெள்ளை இன்னும் கொஞ்சம் இருக்கிறது. பழுப்புக் கூடுகள் ஓட்டையோடு 20க்கு மேல் எண்ணினேன். புதுக் குருத்து நேராக வந்திருக்கிறது. இன்று பூ ஐந்து. பக்கத்து வீட்டு மாமி பப்பாளியை வெட்டிவிட ஆளிடம் சொல்லியிருக்கிறாராம். சாயங்காலம் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போகிறேன்.