பழைய வால்வ் ரேடியோ கரகரங்குது, எந்த கண்டன்சர மாத்தணும்? அவசரம்

புதுசு77: தாத்தாவோட ரேடியோவ பரண்ல இருந்து எடுத்தேன், ஆன் பண்ணி ஒரு நிமிஷம் கழிச்சு பாட்டு வருது ஆனா தொண்டை கட்டுனவன் பாடுற மாதிரி கரகரன்னு, கூடவே ம்ம்ம்முன்னு ஒரு இரைச்சல். உள்ள பழுப்பு கலர்ல சப்பையா ஒரு கண்டன்சர் (மின்சாரத்த சேத்து வைக்கிற சாமான்), டூபிலியர்னு எழுதியிருக்கு. அதத்தான் மாத்தணுமா? ஞாயித்துக்கிழம அம்மா பொறந்தநாள், அதுக்குள்ள பாடணும்.

சால்டர்செல்வி: எத்தன வால்வ், அதான் கண்ணாடிக் குழாய், இருக்கு? வால்யூம குறைச்சா இரைச்சல் குறையுதா? ஸ்பீக்கர ஓட்டுற அவுட்புட் வால்வ் உள்ள தகடு செவக்குதா? போட்டோ போடுங்க.

ஓம்ராஜா: எதுக்கு இவ்ளோ கேள்வி, பவர் சப்ளைல இருக்குற பெரிய எலக்ட்ரோலிட்டிக் கண்டன்சர் காஞ்சிருக்கும். எப்பவும் அதான்.

வால்வ்வாத்தியார்: தம்பி, சாமான் என்னன்னே தெரியாம கழட்டக்கூடாது. அந்த டூபிலியர் மைக்கா, அதாவது அபிரகம், லேசுல கெடாது. செஞ்சவர் சரித்திரமாவது தெரிஞ்சுக்கோ. வில்லியம் டூபிலியர், 1888ல பொறந்த அமெரிக்கர். அப்பல்லாம் மின்பொறி வச்சு ரேடியோ சிக்னல் அனுப்புற ஸ்பார்க் டிரான்ஸ்மிட்டருக்குக் கண்டன்சரா இருந்தது லெய்டன் ஜாடிதான், கண்ணாடி, உடையும், எடத்தையும் அடைக்கும். இவர் அபிரகத் தகடு, உலோகத்தாள்னு மாத்தி மாத்தி அடுக்கி இறுக்கி கையடக்கமாக்குனார். மைக்கா கண்டன்சரயே கண்டுபிடிச்சவர்.

கெப்பாசிட்டர்_கண்ணன்: கடைசி வரி தப்பு சார். 19ஆம் நூற்றாண்டுலயே தந்திக்காரங்க லேப்ல மைக்கா கண்டன்சர் இருந்துச்சு. ரேடியோவோட வோல்டேஜ தாங்குற மாதிரி செஞ்சு, ஃபேக்டரில நெறைய போட்டதுதான் டூபிலியரோட சாதனை.

வால்வ்வாத்தியார்: லேப்ல ஒன்னு வச்சிருந்தா அது கண்டுபிடிப்பா? கப்பல் ரேடியோல ஏறி வேல செஞ்சதே, அதான் கணக்கு.

கெப்பாசிட்டர்_கண்ணன்: அப்ப எலக்ட்ரோலிட்டிக்குக்கு 1896ல பேட்டன்டுக்கு விண்ணப்பிச்ச போலாக்க என்ன சொல்வீங்க? அது ரேடியோவுக்குள்ள வந்தது எத்தனையோ வருசம் கழிச்சு. ரெண்டு பேருக்கும் பெருமை இருக்கு, ஒருத்தர்கிட்ட பிடுங்கி இன்னொருத்தருக்குக் குடுக்காதீங்க.

புதுசு77: 5 வால்வ். வால்யூம் சுத்தமா குறைச்சாலும் இரைச்சல் அப்படியே இருக்கு. ஒரு வால்வ் லேசா செவக்குது, நல்லதா?

சால்டர்செல்வி: இல்லப்பா, ஒடனே ஆஃப் பண்ணு! ரெண்டு கோளாறு இருக்கு. அவுட்புட் வால்வோட கிரிடுக்கு, அதாவது உள்ள கரன்ட்டக் கட்டுப்படுத்துற கம்பிவலைக்கு, போற பேப்பர் கண்டன்சர், 0.01 மைக்ரோஃபாரட்னு இருக்கும், அது பாட்டு சிக்னல மட்டும் விடணும், இப்ப லீக்காகி டிசி வோல்டேஜும் கிரிடுக்கு வருது, அதான் கரகரப்பும் செவப்பும். 630 வோல்ட் ஃபிலிம் கண்டன்சர் போடு. இரைச்சலுக்கு ராஜா சொன்ன எலக்ட்ரோலிட்டிக்தான். தொடுறதுக்கு முன்னாடி பிளக்கப் பிடுங்கு, அப்புறமும் பெரிய கண்டன்சர்ல 200 வோல்ட்டுக்கு மேல நிக்கலாம், ரெசிஸ்டர் வச்சு இறக்கிட்டு மீட்டர்ல பாத்துட்டு கை வை.

ஓம்ராஜா: நான் மொதல்லயே சொன்னேன்ல.

வால்வ்வாத்தியார்: பாதிதான் சொன்னீங்க.

புதுசு77: 0.01 மாத்தியாச்சு, கரகரப்பு போச்சு, செவக்கல. டூபிலியரத் தொடல. எலக்ட்ரோலிட்டிக் வாங்கப் போறேன். தேங்க்ஸ் செல்வி அக்கா.

சால்டர்செல்வி: வாங்குறப்ப வோல்டேஜ் பாத்து வாங்கு, 450. பழசுல எத்தன மைக்ரோஃபாரட் போட்டிருக்கு?