தாய்லாந்து உணவகத்தில் மேசை மீது உணவை எடுத்துச் சாப்பிடும் குச்சி (சாப்ஸ்டிக்) இருந்தால் அது போலியா?

மௌனசாமி:
வேறோர் இழையில் ஒருவர் எளிமையாகத்தான் கேட்டார்: பெருநகரத்துக்குப் புதிதாகக் குடிவந்தவர் நல்ல வெளிநாட்டு உணவகங்களை எப்படிக் கண்டுபிடிப்பது? உறுப்பினர் அடுப்பங்கரை உடனே பன்னிரண்டு விதிகளைக் கல்வெட்டாகப் பொறித்துவிட்டார். பதினொன்றை மன்னித்துவிடுகிறேன். நான்காவதைத்தான் செரிக்க முடியவில்லை: “தாய்லாந்து உணவகத்தில் மேசை மீது குச்சி வைத்திருந்தால் உட்காராமல் திரும்பிவிடுங்கள். அது போலி.”

நான் பாங்காக்கில் மூன்று ஆண்டுகள் வேலை பார்த்தவன். அங்கே நூடுல்ஸ் சூப் விற்கும் தெருவோரக் கடைகளில் மேசைக்கு மேசை ஒரு குவளை நிறையக் குச்சிகள் நிற்கும். ஒரு கையில் குச்சி, மறு கையில் குட்டைக் கரண்டி. அலுவலக எழுத்தரும் அப்படித்தான் சாப்பிடுகிறார், மோட்டார் சைக்கிள் டாக்சி ஓட்டுபவரும் அப்படித்தான் சாப்பிடுகிறார். அடுப்பங்கரையின் கணக்குப்படி பாங்காக்கே ஒரு போலி நகரம்.

அடுப்பங்கரை:
பொழுது விடிந்ததும் என் பெயரைச் சொல்லித்தான் பல் துலக்குவீர்களோ? அந்த விதி சோறு பரிமாறும் உணவகங்களுக்கானது. தாய்லாந்தில் சோற்றையும் குழம்பையும் கரண்டியால் சாப்பிடுவார்கள். வலது கையில் கரண்டி, இடது கையில் முட்கரண்டி. அந்த முட்கரண்டியும் உணவைக் கரண்டிக்குள் தள்ளிவிடத்தான். பச்சைக் குழம்புக்கும் சோற்றுக்கும் பக்கத்தில் குச்சியை வைக்கிற முதலாளி, ஆசியா என்றாலே குச்சி என்று நினைக்கும் வாடிக்கையாளருக்காகக் கடை நடத்துகிறார். அப்படிப்பட்டவர் சர்க்கரையை அள்ளிக் கொட்டுவார், மிளகாயைக் குறைப்பார், மீன் சாஸை மறைத்து வைப்பார். இருபது ஆண்டுகளாக நகரம் நகரமாகச் சாப்பிட்டுத் தெரிந்துகொண்டது இது.

மௌனசாமி:
நீங்கள் எழுதியது “மேசை மீது”. “சோற்றுக்குப் பக்கத்தில்” என்று எழுதவில்லை. பந்து போன பிறகு கோல் கம்பத்தை நகர்த்தாதீர்கள்.

சிறுபசி:
அந்தக் கேள்வியைக் கேட்டவன் நான்தான். இப்படி ஆகும் என்று தெரிந்திருந்தால் பட்டினி கிடந்திருப்பேன். தாய்லாந்து உணவு மட்டுமல்ல ஐயா, எத்தியோப்பிய உணவு, சீனாவின் சிச்சுவான் மாகாண உணவு எல்லாவற்றையும் சாப்பிட்டுப் பார்க்க ஆசை. வீட்டில் சமைத்துப் பார்க்கப் பேரரத்தையும் தேடிக்கொண்டிருக்கிறேன். பெரிய கடைகளில் கேட்டால் இஞ்சியை எடுத்து நீட்டுகிறார்கள்.

தேன்மொழி:
சிறுபசி, குச்சியை விட்டுத்தள்ளுங்கள். தாய்லாந்து உணவகத்தில் உட்கார்ந்ததும் “பட் கப்ராவ்” இருக்கிறதா என்று கேளுங்கள். கப்ராவ் என்பது துளசிதான். சூடான வாணலியில் பூண்டும் மிளகாயும் பொரிந்த பிறகு அந்த இலை விழுந்தால் கிராம்பும் மிளகும் கலந்த ஒரு நெடி எழும். பல கடைகளில் அதற்குப் பதிலாக ஹோரபா என்ற இலையைப் போட்டு ஏமாற்றுகிறார்கள். அது சோம்பு வாசனை அடிக்கும். பச்சைக் குழம்பில் அதற்கு வேலை உண்டு, இதில் இல்லை. துளசி சீக்கிரம் வாடிவிடும். அதைத் தேடி வாங்கி வைக்கிற சமையல்காரர் மற்றவற்றிலும் சோம்பேறித்தனம் காட்ட மாட்டார்.

பேரரத்தைக்கு வருகிறேன். உணவகத்துக்கு முன்னால் மளிகைக் கடையைத் தேடுங்கள். தென்கிழக்காசிய மளிகைக் கடையின் உறைபெட்டியைத் திறந்து பாருங்கள். பேரரத்தை துண்டுகளாக இருக்கும். பக்கத்திலேயே மக்ரூட் எலுமிச்சை இலை, ஒன்றோடொன்று ஒட்டிய இரண்டு இலைகள் போலத் தெரியும். உறைய வைத்ததை வாங்கலாம், வாசனை நிற்கும். உலர்ந்ததை வாங்காதீர்கள், சருகுதான். கல்லாவில் இருப்பவரிடம் “எந்த உணவகம் உங்களிடம் இதைப் பெட்டிக் கணக்கில் வாங்குகிறது?” என்று கேளுங்கள். பன்னிரண்டு விதிகளும் வேண்டாம்.

மௌனசாமி:
தங்கை தேன்மொழி அருமையாகச் சொன்னார். ஆனால் குச்சி விஷயத்தில் அவரும் நழுவுகிறார். மேசை மீது குச்சி இருந்தால் போலியா, இல்லையா?

தேன்மொழி:
என்னைத் தங்கை என்று அழைக்க உங்களுக்கு யார் அனுமதி தந்தது? உங்களைவிட மூத்தவளாகவும் இருக்கலாம். பெயர் இருக்கிறது, அதைச் சொல்லுங்கள்.

மௌனசாமி:
மரியாதையாக அழைத்தது குற்றமா? சரி, திருமதி தேன்மொழி.

தேன்மொழி:
திருமதி என்று எப்படி முடிவு செய்தீர்கள்?

கடைசிப் பெஞ்சு:
குச்சி போதாது என்று இப்போது தாலியையும் விசாரிக்கிறார்கள். 2006-இல் ஜப்பான் அரசு வெளிநாடுகளில் உள்ள ஜப்பானிய உணவகங்களுக்குச் சான்றிதழ் தரப்போவதாக அறிவித்தது. உலகமே “சுஷி போலீஸ்” என்று சிரித்ததில் அந்தத் திட்டத்தைக் கைவிட்டார்கள். நமக்குக் “குச்சி போலீஸ்” இலவசமாகவே வாய்த்திருக்கிறது.

ஓலைச்சுவடி:
இருவருக்கும் கொஞ்சம் வரலாறு. நீங்கள் தூய்மையின் அடையாளமாகப் பிடித்துக்கொண்டிருக்கும் கரண்டியும் முட்கரண்டியும் 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியப் பழக்கமாக சயாம் அரண்மனைக்குள் நுழைந்து, பிறகு மெல்ல மக்களிடம் பரவியவை. அதற்கு முன்பு கைதான். வடகிழக்கில், இசான் பகுதியில், ஒட்டரிசிச் சோற்றை இன்றும் விரலால் உருட்டித்தான் உண்கிறார்கள். குச்சி, சீனக் குடியேறிகளின் நூடுல்ஸோடு வந்தது. தாய்லாந்தின் முகமாக உலகம் கொண்டாடும் பட் தாய் நூடுல்ஸ்கூட பிரதமர் பிபூன் சோங்க்ராம் ஆட்சிக்காலத்தில் தேசிய உணவாக ஊக்குவிக்கப்பட்டது. அதன் நூடுல்ஸும் வதக்கும் முறையும் சீன வழி வந்தவை. அதே ஆட்சியில்தான், 1939-இல், சயாம் என்ற பெயரே தாய்லாந்து என்று மாறியது. ஆக, கரண்டியும் வந்தது, குச்சியும் வந்தது. எது போலி?

அடுப்பங்கரை:
குச்சி சீனர்களோடு வந்தது என்று ஓலைச்சுவடி ஒப்புக்கொண்டுவிட்டார். நான்காம் விதி சொல்வதும் அதைத்தான். நன்றி.

ஓலைச்சுவடி:
நான் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. முழுதாகப் படியுங்கள்.

மௌனசாமி:
அவர் முழுதாகப் படிக்க மாட்டார். போன ஆண்டு இன்ஜெரா (எத்தியோப்பியர்களின் புளித்த மாவுத் தோசை) விவாதம் யாருக்காவது நினைவிருக்கிறதா? எனக்கு இருக்கிறது. “எத்தியோப்பிய உணவகத்தில் இன்ஜெரா வெளுத்திருந்தால் எழுந்துவிடுங்கள், கோதுமை கலந்திருக்கிறார்கள்” என்று இதே ஆள், இதே தோரணையில் எழுதினார். இன்ஜெரா செய்யும் டெஃப் தானியத்தில் பழுப்பும் உண்டு, வெள்ளையும் உண்டு, எத்தியோப்பியாவில் வெள்ளைக்குத்தான் மதிப்பு அதிகம் என்று நான் எடுத்துச் சொன்னேன். ஒரு வார்த்தை பதில் வந்ததா? இரண்டு மாதம் ஆளையே காணவில்லை. திரும்பி வந்தபோது கையில் பன்னிரண்டு விதிகள்!

இவருடைய முறையே இது. ஒரு நாட்டின் சமையலை ஒரே அடையாளத்துக்குள் சுருக்குவார். வெளுப்பு என்றால் போலி, குச்சி என்றால் போலி. கோடிக்கணக்கானவர்கள் நாள்தோறும் சாப்பிடும் உணவு இவருக்கு ரேஷன் அட்டை மாதிரி, முத்திரை இருந்தால் செல்லும், இல்லாவிட்டால் செல்லாது. மேசை மீது குச்சி இருந்ததாலேயே எத்தனை நல்ல கடைகளை மற்றவர்கள் தாண்டிப் போயிருப்பார்கள்? அந்தப் பாவத்துக்கு யார் பொறுப்பு?

அடுப்பங்கரை:
நான் சொன்னது வெளிநாடுகளில் உள்ள கடைகளைப் பற்றி. அங்கே டெஃப் விலை அதிகம் என்பதால் பார்லியும் கோதுமையும் கலப்பது ஊரறிந்த செய்தி. 2006-இல் எத்தியோப்பியா டெஃப் தானிய ஏற்றுமதியையே நிறுத்தி வைத்தது என்பதாவது தெரியுமா? அந்த இரண்டு மாதமும் எனக்கு வீடு மாற்றும் வேலை இருந்தது. உங்களுக்கு விடுப்புக் கடிதம் தர வேண்டும் என்று தெரியாமல் போய்விட்டது.

சிறுபசி:
எத்தியோப்பிய உணவகத்தில் அப்படியானால் என்னதான் பார்ப்பது?

தேன்மொழி:
நிறத்தைப் பார்க்காதீர்கள், புளிப்பைப் பாருங்கள். மாவு சில நாள் புளித்திருந்தால் மேல்புறம் முழுக்கக் கண் கண்ணாகத் துளைகள் இருக்கும், பிய்த்துத் தொட்டால் குழம்பை உறிஞ்சும். புளிப்பே இல்லாமல் மெத்தென்று இருந்தால் அவசரத்தில் ஊற்றியது. டெஃப் மட்டும்தானா, கலப்பா என்று நேரடியாகவே கேட்கலாம். பெரும்பாலும் உண்மையைச் சொல்லிவிடுகிறார்கள். சில கடைகளில் முதல் நாள் சொல்லிவைத்தால் டெஃபில் மட்டும் செய்து தருவார்கள்.

கடைசிப் பெஞ்சு:
இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு? அந்த நாட்டுக்காரர்கள் கூட்டமாக உட்கார்ந்திருக்கும் கடைக்குப் போனால் முடிந்தது.

தேன்மொழி:
வெளியூரில் இருப்பவன் எந்தக் கடைக்குப் போகிறான் தெரியுமா? வேலை செய்யும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கடைக்கு, மலிவான கடைக்கு, தன் மொழியில் நான்கு வார்த்தை பேச ஆள் இருக்கும் கடைக்கு. சோறு மூன்றாம் பட்சம். கூட்டம் இருக்கிறது என்றால் ஏக்கம் இருக்கிறது என்று பொருள். சமையல்காரருக்கு அது சான்றிதழ் ஆகாது.

கடைசிப் பெஞ்சு:
காலிக் கடைக்குப் போய்ப் பழைய கறி சாப்பிடுங்கள். வாழ்த்துகள்.

மௌனசாமி:
கூட்டம் பற்றி இன்னோர் இழை தொடங்குங்கள். இங்கே பேச்சு குச்சி. அடுப்பங்கரையிடம் ஒரே ஒரு கேள்வி. நாக்கை மரத்துப்போகச் செய்யும் சிச்சுவான் மிளகை அமெரிக்காவுக்கு இறக்குமதி செய்ய 1968 முதல் 2005 வரை தடை இருந்தது. அது மிளகே அல்ல, எலுமிச்சைக் குடும்பம். ஆரஞ்சுத் தோட்டங்களுக்கு நோய் தொற்றிவிடும் என்ற பயம். பிறகு சூடேற்றிப் பதப்படுத்தினால் கொண்டுவரலாம் என்று விட்டார்கள். அந்த 37 ஆண்டுகளில் அங்கே சிச்சுவான் சமையல் செய்தவர்களெல்லாம் போலிகளா?

அடுப்பங்கரை:
நாக்கு மரத்துப்போகவில்லை என்றால் ஆம், போலிதான்.

ஓலைச்சுவடி:
தடை இருந்ததே தவிர, நெடுங்காலம் கண்டிப்பாக அமல்படுத்தப்படவில்லை. தேடியவர்களுக்குக் கிடைத்தது. இருவரும் அரைத் தகவலை வைத்துச் சண்டை போடுகிறீர்கள்.

மௌனசாமி:
நாக்கு மரத்தால் அசல், குச்சி இருந்தால் போலி! எல்லோரும் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். இவருக்குச் சமையல்காரரும் தேவையில்லை, சமையலும் தேவையில்லை, மேசையைப் பார்த்தால் போதும். வாசலில் நின்று எட்டிப் பார்த்துத் தீர்ப்பு எழுதிவிட்டுப் போய்விடலாம், பசியும் மிச்சம்.

அடுப்பங்கரை:
தாய்லாந்து அரசே வெளிநாட்டு உணவகங்களுக்கு “தாய் செலக்ட்” என்று முத்திரை தருகிறது. ஓர் அரசு தரம் பார்த்தால் கொள்கை, நான் பார்த்தால் போலீஸா?

மௌனசாமி:
அந்த முத்திரைக்காக யாராவது மேசையில் குச்சியை எண்ணினார்களா? ஆம் அல்லது இல்லை.

சிறுபசி:
தேன்மொழி அவர்கள் சொன்னபடி ஒரு மளிகைக் கடைக்குப் போனேன். உறைபெட்டியில் பேரரத்தை கிடைத்தது. கல்லாவில் இருந்த அம்மாள் இரண்டு தெரு தள்ளி ஒரு சிறிய தாய்லாந்து உணவகத்தைக் காட்டினார். எட்டே மேசைகள். பட் கப்ராவ் கேட்டேன். “துளசி வியாழக்கிழமைதான் வரும், இன்று ஹோரபாதான் இருக்கிறது, பரவாயில்லையா?” என்று அவர்களே கேட்டார்கள். வியாழக்கிழமை மறுபடியும் போனேன். இப்படி ஒன்றை நான் இதுவரை சாப்பிட்டதில்லை. காரத்தில் காது அடைத்துவிட்டது. எல்லோருக்கும் நன்றி. ஆமாம், அங்கே குச்சியும் இருந்தது.

மௌனசாமி:
இழையை இத்தோடு பூட்டிவிடலாம்.

அடுப்பங்கரை:
பொறுங்கள். குச்சி எங்கே இருந்தது? மேசை மீதா, கேட்ட பிறகு கொண்டுவந்து தந்தார்களா?

சிறுபசி:
சுவரோரம் ஒரு பலகை. அதன் மேல் மிளகாய்ப்பொடி, சர்க்கரை, மீன் சாஸ் எல்லாம் இருந்தன. அவற்றோடு ஒரு குவளையில் குச்சிகள். எனக்குத் தட்டோடு கரண்டியும் முட்கரண்டியும் தந்தார்கள்.

அடுப்பங்கரை:
மேசை மீது இல்லை. சோற்றுக்குக் கரண்டி. நான்காம் விதி தேர்வில் தேறிவிட்டது.

மௌனசாமி:
அந்தப் பலகை மேசையை ஒட்டி இருந்ததா, தள்ளி இருந்ததா? உட்கார்ந்த இடத்திலிருந்து கை எட்டினால் அது மேசை மீது இருப்பதற்குச் சமம்.

தேன்மொழி:
அவர் துளசி கிடைத்ததைச் சொல்கிறார், நீங்கள் பலகையை அளக்கிறீர்கள்.

மௌனசாமி:
அம்மணி, துளசி உங்கள் வாதம். என் வாதம் குச்சி. தம்பி சிறுபசி, நீங்கள் எந்த மேசையில் உட்கார்ந்திருந்தீர்கள்?

தேன்மொழி:
அம்மணியா?

கடைசிப் பெஞ்சு:
சிறுபசி, அடுத்த வியாழக்கிழமை அளவு நாடாவோடு போங்கள்.

அடுப்பங்கரை:
சூப் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு மட்டும் குச்சி தந்தார்களா என்பதையும் பார்த்து வாருங்கள். பதின்மூன்றாவது விதியைச் சேர்க்கலாம் என்று இருக்கிறேன்.

மௌனசாமி:
முதலில் நான்காவதைத் திருத்துங்கள்.