405 லேசரைத் தொடும் முன்பே எம்ஈயோஸ் சிவந்துவிடுகிறது, உதவி தேவை

கேள்வி
பாம் முறையில் (PALM, மினுங்கும் மூலக்கூறுகளை ஒவ்வொன்றாகக் குறித்து நுண்படம் சேர்ப்பது) இப்போதுதான் முதல்முறையாகப் படம் எடுக்கிறேன். பாக்ஸிலின் என்ற செல் புரதத்தோடு எம்ஈயோஸ்3.2 (mEos3.2, பச்சையிலிருந்து சிவப்பாக மாறும் ஒளிரும் புரதம்) இணைத்த செல்கள், 4% பாராஃபார்மால்டிஹைடில் நிலைப்படுத்தியவை. 405 நானோமீட்டர் லேசரைப் போடும் முன்பே, சிவப்பைக் காட்டும் 561 நானோமீட்டர் லேசரில் பார்த்தால் செல் முழுக்கச் சிவப்பு. தனிப் புள்ளியே தெரியவில்லை, ஒரே குழம்பு. 2,000 ஃப்ரேமுக்குள் எல்லாம் அணைந்துவிடுகிறது. அப்புறம் 405-ஐ எவ்வளவு ஏற்றினாலும் நாலைந்து புள்ளிதான். மூன்று ஸ்லைடு வீண். புரதமே சரியில்லையா?

பதில் 1
488 லேசரில் பச்சை எப்படி இருக்கிறது? நல்ல செல்லை எப்படித் தேடுகிறீர்கள்?

கேட்டவர்
பச்சை மங்கல்தான் அண்ணா. டாப்பி சாயம் போட்டிருக்கிறேன். விளக்கில் நீல நியூக்ளியஸைப் பார்த்துத்தான் செல்லைத் தேடுவேன். பத்து நிமிடமாவது ஆகும்.

பதில் 1
அந்தப் பத்து நிமிடம்தான் தம்பி வினை. டாப்பி ஃபில்டர் வழியே வருவது புற ஊதா, ஊதா ஒளி. அது பட்டால் எம்ஈயோஸின் புரதச் சங்கிலி ஓரிடத்தில் அறுந்து, பச்சை சிவப்பாகிவிடும். மறுபடி பச்சையாகாது. ட்ரோன்பா என்ற வேறு ஒளிரும் புரதமாக இருந்தால் 488-இல் அணைத்து 405-இல் மறுபடி எழுப்பலாம். இதில் அந்த வசதி இல்லை. நீங்கள் தேடி முடிப்பதற்குள் பாதிச் சரக்கு செலவாகிவிட்டது.

ஒரு நேரத்தில் ஒன்றிரண்டு மூலக்கூறு மட்டும் மினுங்கினால்தான் அதன் நடுப்புள்ளியை 20 நானோமீட்டர் அளவுக்குக் குறிக்க முடியும். 250 நானோமீட்டருக்குள் இரண்டு ஒன்றாக எரிந்தால் ஒரே திட்டுதான்.

டாப்பியை விடுங்கள். செல்லை 488-இல், மிகக் குறைந்த ஒளியில், சட்டென்று தேடுங்கள். அதுவரை ஸ்லைடு ஒளி படாமல் ஃபாயிலிலேயே இருக்கட்டும். முதலில் 561-ஐ மட்டும் போட்டு, ஏற்கெனவே சிவந்ததை எரித்துவிடுங்கள். பிறகு 405-ஐப் பூஜ்யத்திலிருந்து மெல்ல மெல்ல ஏற்றுங்கள். புள்ளிகள் குறையும்போது மட்டும் கொஞ்சம் கூட்டினால் போதும்.

பதில் 2
ஒன்று சேர்த்துக்கொள்கிறேன்: சிவந்த எம்ஈயோஸ் அணைந்து அணைந்து மறுபடி மினுங்கும். ஒரே மூலக்கூறு மூன்றாக எண்ணப்படலாம். எண்ணிக்கை சொல்லப்போகிறீர்கள் என்றால் கவனம்.

கேட்டவர்
நேற்று இருட்டறையில் டாப்பி இல்லாமல் செய்தேன். முதல் நூறு ஃப்ரேமில் பழைய சிவப்பு போனது. 405-ஐத் துளி கூட்டியதும் மழைத்துளி மாதிரி அங்கொன்று இங்கொன்று. 15,000 ஃப்ரேம் வந்தது! ஆனால் நகர்வைத் திருத்த உதவும் தங்கத்துகள் போட மறந்துவிட்டேன், ஸ்டேஜ் நகர்ந்து ஒட்டுப்புள்ளிகள் (செல் தரையில் ஒட்டும் இடங்கள்) எல்லாம் வால் முளைத்து நிற்கின்றன.

பதில் 1
அடுத்த ஸ்லைடில் போடுங்கள். 100 நானோமீட்டர் துகள் போதும்.